வீட்டுக்குப் பில்லியர்ட்ஸ் மேசை வாங்குவது எப்படி: அறையை அளப்பதிலிருந்து மட்டம் பார்ப்பது வரை

வீட்டில் பில்லியர்ட்ஸ் மேசை போட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களில் பலரும் நேரே கடைக்குப் போய், கடைந்தெடுத்த கால்களிலும் மரத்தின் மெருகிலும் துணியின் நிறத்திலும் மனத்தைப் பறிகொடுத்து, முன்பணமும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகே அளவு நாடாவைத் தேடுகிறார்கள். என் முதல் மேசையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. வாங்கும் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் அறை, அடுத்து மேசையின் அளவு, அதற்கடுத்து துணிக்கு அடியிலுள்ள கல், பிறகு குஷனும் (பந்து மோதித் திரும்பும் ரப்பர் ஓரம்) துணியும், மரத்தின் நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்தக் கட்டுரை, பந்து விழும் ஆறு பாக்கெட்டுகளுடன், எண் பொறித்த பதினைந்து பந்துகளையும் ஒரு வெள்ளைப் பந்தையும் கொண்டு எட்டுப் பந்து, ஒன்பது பந்து முதலிய ஆட்டங்கள் ஆடப்படும் மேசையைப் பற்றியது. ஸ்நூக்கர் மேசை வேறு இனம். முழு அளவு ஸ்நூக்கர் மேசை 12 அடி நீளமுடையது என்பதாலும், அதைச் சுற்றி ஆடுவதற்கு ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி இடம் தேவைப்படும் என்பதாலும், வீட்டு அறைகளில் அதற்குப் பெரும்பாலும் வாய்ப்பில்லை.

முதல் படி: அறையை அளத்தல்

மேசை அறைக்குள் அடங்குமா என்பது கேள்வியே அல்ல. பந்தை அடிக்கும் கோல் அடங்குமா என்பதுதான் கேள்வி. பந்து குஷனை ஒட்டி நிற்கும்போது அதை எதிர்ப்பக்கம் நோக்கி அடிக்க வேண்டுமானால், கோலின் முழு நீளமும் மேசைக்கு வெளியே சுவரை நோக்கி நீளும். வழக்கமான கோல் 57 முதல் 58 அங்குலம் வரை இருக்கும். ஆகவே, ஆடுதளத்தின் நீளத்தோடு இரண்டு கோல் நீளத்தையும், அகலத்தோடு இரண்டு கோல் நீளத்தையும் கூட்டினால் கிடைப்பதே அறையின் குறைந்தபட்ச அளவு. ஆடுதளம் என்று நான் சொல்வது ஒரு குஷனின் மூக்கிலிருந்து (பந்து வந்து தொடும் முனை) எதிர்க் குஷனின் மூக்கு வரை உள்ள துணிப்பரப்பைத்தான். மேசையின் வெளிவிளிம்பை அளந்து கணக்குப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு அங்குலம் பிசகும்.

7 அடி மேசையின் ஆடுதளம் பொதுவாக 78 அங்குலத்துக்கு 39 அங்குலம். 8 அடி மேசைக்கு 88-க்கு 44. போட்டிகளில் பயன்படும் 9 அடி மேசைக்கு 100-க்கு 50. எல்லாவற்றிலும் நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு. 58 அங்குலக் கோலை வைத்துக் கணக்கிட்டால், 7 அடி மேசைக்கு 16 அடி 2 அங்குலத்துக்கு 12 அடி 11 அங்குலமும், 8 அடி மேசைக்கு 17 அடிக்கு 13 அடி 4 அங்குலமும், 9 அடி மேசைக்கு 18 அடிக்கு 13 அடி 10 அங்குலமும் வேண்டும். இந்தக் கணக்கில் கோலின் அடிமுனை சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அடிக்கும் முன் கோலைப் பின்னுக்கு இழுத்தாக வேண்டுமே, அதற்கு இதில் ஓர் அங்குலம்கூட இல்லை. நான்கு பக்கமும் இன்னும் 6 அங்குலம் கூட்டிக்கொண்டால் நிம்மதியாக ஆடலாம். அதாவது 8 அடி மேசைக்கு 18 அடிக்கு 14 அடி 4 அங்குலம்.

அறை கொஞ்சம் குறுகலாக இருந்தால் சிறிய மேசைக்கு இறங்கிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். மேலேயுள்ள எண்களை மறுபடி பாருங்கள். 9 அடியிலிருந்து 8 அடிக்கு இறங்கினால் அறையின் அகலத்தில் மிச்சமாவது வெறும் 6 அங்குலம். 8-லிருந்து 7-க்கு இறங்கினால் 5 அங்குலம். அதற்குப் பதிலாக 52 அங்குலக் கோல் ஒன்றை வாங்கி, நெருக்கடியான பக்கத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தினால், அந்தப் பக்கத்திலேயே 6 அங்குலம் கிடைத்துவிடும். அறையில் ஒரு மூலையில் மட்டும் தூண் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக மேசையைச் சிறிதாக்குவது தேவையற்ற விட்டுக்கொடுத்தல். ஆனால் நான்கு பக்கமும் குட்டைக் கோல்தான் என்றால் ஆட்டமே அலுத்துவிடும். அந்த நிலையில் சிறிய மேசைதான் சரி.

எண்களை நம்புவதைவிடக் கால்களை நம்புவது நல்லது. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, ஆடுதளத்தின் அளவுக்கே வெட்டி, மேசை வரவேண்டிய இடத்தில் தரையில் விரித்துவிடுங்கள். ஒரு கோலையோ அதே நீளமுள்ள துடைப்பக் கழியையோ கையில் எடுத்துக்கொண்டு, தாளின் விளிம்பில் பந்து இருப்பதாக எண்ணிக் குனிந்து, பின்கையை நன்றாக இழுத்துப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது ஒரு முறை, அலமாரி திறந்திருக்கும்போது ஒரு முறை, சாளரத் திரைக்கு அருகே ஒரு முறை. அரை மணி நேரத்தில் அந்தத் தாள் சொல்லும் உண்மையைக் கடைக்காரர் ஒருபோதும் சொல்ல மாட்டார்.

இரண்டாம் படி: அளவைத் தேர்ந்தெடுத்தல்

அறை இடம் தருமானால், வீட்டுக்கு 8 அடி மேசையே என் பரிந்துரை. 7 அடி மேசையில் பந்துகள் ஒன்றையொன்று நெருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அது எளிதாகத் தோன்றினாலும், பந்துக் கூட்டத்துக்கு நடுவே வழி கண்டுபிடிப்பது உண்மையில் கடினம். 9 அடி மேசை தொலைவையும் துல்லியத்தையும் கற்றுத் தரும். ஆனால், வாரத்துக்கு ஒரு முறை ஆடும் குடும்பத்துக்கு ஒரு ஆட்டம் முடியவே பொழுது போய்விடும். போட்டிகளுக்குத் தயாராகிறவர் மட்டும் 9 அடியைப் பிடிவாதமாகக் கேட்கலாம்.

விற்பவர் சொல்லும் "எட்டடி" உண்மையில் எட்டடிதானா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மேசையின் விளிம்புச் சட்டத்தில் சீரான இடைவெளியில் சிறு புள்ளிகளோ வைர வடிவங்களோ பதித்திருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு குறிகளுக்கு இடையிலுள்ள தொலைவு ஆடுதள நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. அது 12½ அங்குலமானால் 9 அடி மேசை. 11 அங்குலமானால் 8 அடி. 9¾ அங்குலம் அளவில் இருந்தால் 7 அடி. சிறிய அளவு நாடா ஒன்று இருந்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

இதே கட்டத்தில் மேசை போகும் வழியையும் பார்த்துவிட வேண்டும். ஓரங்குலக் கனமுள்ள கல்லோடு கூடிய 8 அடி மேசையின் மொத்த எடை 350 கிலோவுக்கு மேலேயும் போகக்கூடும். உறுதியான கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய சுமையல்ல. மரத்தளமுள்ள மாடி அறையானால், கால்கள் ஊன்றும் இடங்களில் உத்தரம் எப்படிப் போகிறது என்று கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். படிக்கட்டின் திருப்பத்தை அளக்க மறவாதீர்கள்.

மூன்றாம் படி: மேசையின் உயிர் கல்லில் இருக்கிறது

துணிக்கு அடியில் இருப்பது எது என்ற கேள்விக்கு விற்பவர் மழுப்பலாகப் பதில் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். நல்ல மேசையின் தளம் சிலேட்டுக் கல். அந்தக் கல் இயல்பாகவே தட்டையான அடுக்குகளாகப் பிளக்கும். இழைத்துச் சமன் செய்தால் மிகத் துல்லியமான தளமாகும். ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் மரத்தைப் போல உப்பவோ வளையவோ செய்யாது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, தேனடை போன்ற உள்கட்டு கொண்ட செயற்கைத் தளம் ஆகியவற்றோடு வரும் மேசைகள் எடையும் குறைவு, விலையும் குறைவு. அவற்றின் ஆயுளும் அப்படியே.

என் முதல் மேசை எம்.டி.எஃப். பலகையில் செய்தது. "கல்லுக்கு நிகர்" என்றுதான் விற்றார்கள். வாங்கிய புதிதில் குறை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு மழைக்காலம் வந்து போனது. அதன் பிறகு மெதுவாக விட்ட பந்தெல்லாம், யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, கடைசி ஓரடியில் மேசையின் நடுவை நோக்கித் திரும்பத் தொடங்கியது. கால்களுக்கு அடியில் அட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் சாய்ந்தது. சாய்ந்த மேசையை நிமிர்த்தலாம். தொய்ந்த மேசையை ஒன்றும் செய்ய முடியாது என்று புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் விளையாட மட்டும் என்றால் அத்தகைய மேசை போதும். ஆட்டத்தைக் கற்கத் தொடங்குபவர், தன் கை பிழை செய்ததா தளம் பிழை செய்ததா என்றே தெரியாமல் குழம்பிப் போவார்.

கல் என்று உறுதியான பிறகு இரண்டு விவரங்கள் கேட்க வேண்டும். ஒன்று, கனம். முக்கால் அங்குலக் கல்லும் உண்டு, ஓரங்குலக் கல்லும் உண்டு. வீட்டுக்கு முக்கால் அங்குலம் போதும் என்றாலும், அடியிலுள்ள சட்டகம் வலுவாக இருந்தால்தான் அது போதும். ஓரங்குலக் கல் அதைவிட உறுதியாக நிற்கும். மற்றொன்று, துண்டுகளின் எண்ணிக்கை. பெரிய மேசைகளில் கல் மூன்று துண்டுகளாக வரும். 8 அடி மேசையில் ஒரு துண்டு ஏறத்தாழ 70 கிலோ இருக்கும் என்பதால் இரண்டு பேர் தூக்கிப் படியேற்ற முடியும். ஒரே துண்டாக வரும் கல் பெரும்பாலும் 7 அடி மேசைகளில் காணப்படும். இணைப்புக் கோடு இல்லை என்பது அதன் சிறப்பு. ஆனால், ஓரங்குலக் கனத்தில் அது 150 கிலோவைத் தாண்டிவிடும் என்பதோடு, கதவுக்குள் நுழைவதே பெரும்பாடாகவும் ஆகும். மூன்று துண்டு மேசையை மட்டமாகப் பொருத்துவது கொஞ்சம் வேலைதான் என்றாலும், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே நிமிர்த்தலாம் என்பதால் வீட்டுக்கு அதுவே உகந்தது.

கடையில் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால் கல்லின் சாம்பல் நிறம் தெரியும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். கல்லைத் தாங்க நீளவாக்கில் ஒரு விட்டமாவது, குறுக்கே இரண்டு சட்டங்களாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லின் இணைப்புக் கோடுகளுக்கு அடியில் தாங்கல் இல்லாத மேசை, வெளியே எத்தனை சிற்ப வேலைப்பாடு இருந்தாலும், வாங்கத் தகாதது.

நான்காம் படி: குஷன், விளிம்பு, பாக்கெட்

குஷன் என்பது விளிம்புச் சட்டத்தில் ஒட்டிய, துணி போர்த்திய ரப்பர். நல்ல ரப்பரை விரலால் அழுத்தினால் சற்று உள்வாங்கி உடனே மீளும். நகத்தால் அழுத்தியும் அசையாமல் கட்டையாக இருந்தால் அது காய்ந்துவிட்டது. பந்தொன்றை மேசையின் நீளவாக்கில் நேராகப் பலமாக அடித்துப் பாருங்கள். குதிக்காமல், குறைந்தது மூன்றரை, நான்கு நீளமாவது போய்வர வேண்டும். பிறகு ஆறு குஷன்களின் மீதும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று மாறினால், அங்கே ரப்பர் விட்டிருக்கிறது, அல்லது சட்டத்தைக் கல்லோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டை முடுக்கிவிடலாம்; ரப்பர் விட்டிருந்தால் செலவு.

விளிம்புச் சட்டம் திடமான மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதற்கு அழகு காரணமல்ல. பந்து வந்து மோதும் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்புவது அந்தச் சட்டத்தின் எடைதான்.

பந்தின் விட்டம் 2¼ அங்குலம், அதாவது 57.15 மில்லிமீட்டர். குஷனின் மூக்கு, பந்தின் உயரத்தில் ஏறத்தாழ 63.5 விழுக்காட்டில், அதாவது தளத்திலிருந்து சுமார் 36 மில்லிமீட்டர் உயரத்தில் பந்தைத் தொட வேண்டும் என்று டபிள்யூ.பி.ஏ. எனப்படும் உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதி சொல்கிறது. இந்த உயரத்துக்கு ஏற்ற பந்துகளைத்தான் அந்த மேசையில் ஆட வேண்டும். பிரிட்டிஷ் பாணி சிறு மேசைகளுக்கான 2 அங்குலப் பந்துகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கிப் போட்டால், குஷன் அவற்றின் தலைக்கு அருகே மோதிக் கீழே அழுத்தும்; பந்து வேகமிழந்து திரும்பும். பந்தும் மேசையும் ஒரே இனமாக இருக்கட்டும்.

மூலைப் பாக்கெட்டின் வாய் போட்டி மேசைகளில் 4½ முதல் 4⅝ அங்குலம் வரையும், நடுப் பாக்கெட்டின் வாய் 5 முதல் 5⅛ அங்குலம் வரையும் இருக்கும். இரண்டு பந்துகளை அருகருகே மூலைப் பாக்கெட்டின் வாயில் வைத்தால், இடைவெளி அறவே இல்லாமலோ மிகச் சிறிதாகவோ அடங்கினால் அது கண்டிப்பான மேசை. வீட்டு மேசைகளில் வாய் இன்னும் அகன்றிருப்பது வழக்கம். புதியவர்களுக்கு அது குறையல்ல. விழுந்த பந்து வலைப்பையில் தங்குவதா, உள்ளே உருண்டு ஒரு முனையில் சேர்வதா என்பது விருப்பத்தைப் பொறுத்தது. நான் வலைப்பையையே விரும்புகிறேன். உள்ளே உருளும் அமைப்பு சத்தமும் போடும், எப்போதாவது சிக்கியும் கொள்ளும்.

ஐந்தாம் படி: துணி

இருவகைத் துணிகள் உண்டு. மேலே மெல்லிய ரோமம் நிற்கும் கம்பளித் துணி ஒன்று. நீண்ட இழைகளை முறுக்கி நெய்த, ரோமமற்ற வழவழப்பான துணி மற்றொன்று. முதலாவது மலிவு, பந்து சற்று மெதுவாக ஓடும், நாளடைவில் சுருண்டு உருண்டைகள் எழும். இரண்டாவதில் பந்து வேகமாகவும் சீராகவும் ஓடும், தேய்மானம் குறைவு. பெல்ஜியத்தின் வெர்வியே நகரில் 1680 முதல் துணி நெய்து வரும் சிமோனிஸ் நிறுவனத்தின் பெயர் இந்த இரண்டாம் வகைக்கு ஏறத்தாழ மறுபெயராகவே ஆகிவிட்டது. வேகமான துணி கையின் பிழைகளையும் வேகமாகக் காட்டிக்கொடுக்கும் என்பதால் புதியவர் முதல் சில வாரங்கள் திணறுவார். இருந்தாலும், மாற்ற வேண்டிய தேவை நீண்ட காலத்துக்கு வராது என்பதைக் கணக்கில் கொண்டால் அதுவே சிக்கனம்.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை: பச்சையும் நீலமும் கண்ணுக்கு இதம், சிவப்புத் துணியில் சிவப்புப் பந்துகளைத் தேடுவது யாருக்கும் இன்பம் தராது.

பழைய மேசை வாங்கலாமா?

வாங்கலாம், கல் பழையதாவதில்லை. ஆனால் கேட்கும் விலையோடு, மேசையைப் பிரித்து எடுத்துவருவதற்கும் மறுபடி பொருத்துவதற்கும் புதுத் துணிக்கும் ஆகும் கூலியைக் கூட்டிப் பார்த்த பிறகே அது மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். குஷன் ரப்பரும் போயிருந்தால் மேசையை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டியதுதான். கல்லின் மூலைகளில், குறிப்பாகப் பாக்கெட்டுகளின் வாயருகே, சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று துணியின் மேலாக விரலை ஓட்டிப் பாருங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொரு கல்துண்டிலும் இருக்கும் எண்ணையோ குறியையோ படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் வரிசை மாறினால் துளைகள் ஒத்துவராது. மேசையைப் பிரிக்காமல், நான்கு பேராகப் பிடித்து அப்படியே நகர்த்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்லும் சட்டகமும் சேர்ந்து முறுக்கும்போது இணைப்பு விடும், கால் உடையும், சில நேரங்களில் கல்லே விரியும்.

கடைசிப் படி: பொருத்துதல்

கல் மேசையைப் பொருத்துவது அனுபவசாலியின் வேலை. முதல் முறை அதை நீங்களே செய்ய முயல வேண்டாம். ஆனால், அவர் செய்வதை அருகிலிருந்து பார்க்க வேண்டும், என்ன வரிசையில் செய்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் வெறும் சட்டகத்தை ரசமட்டம் வைத்து நிமிர்த்துவார். அதன் மேல் கல்துண்டுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் மெல்லிய ஆப்புகளைச் செருகி, துண்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று சமமாகும்வரை சரிபார்ப்பார். கொத்தனார் வைத்திருக்கும் சாதாரண ரசமட்டம் இதற்குப் போதாது. இயந்திரப் பட்டறைகளில் பயன்படும் நுட்பமான ரசமட்டம் வேண்டும். நீளவாக்கில் அரை மில்லிமீட்டருக்கும், அகலவாக்கில் கால் மில்லிமீட்டருக்கும் மேல் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது என்பது போட்டி மேசைகளுக்கான அளவுகோல். பிறகு இணைப்புக் கோடுகளில் உருக்கிய தேன்மெழுகை ஊற்றி, ஆறியதும் தகட்டால் வழித்துச் சமன் செய்வார். துணி போடும் முன் அந்தக் கோட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். கோடு எங்கே என்று விரலுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், அப்போதே சொல்லிவிடுங்கள். துணி போர்த்திய பிறகு சொல்வதில் பயனில்லை.

விளக்கை மேசையின் நடுவே, ஆடுதளத்திலிருந்து 32 முதல் 36 அங்குல உயரத்தில் தொங்குமாறு நீளவாக்கில் அமைக்க வேண்டும். ஒற்றை விளக்கு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பக்கம் கருநிழல் தரும். இரண்டு மூன்று கூடுகள் கொண்ட நீள விளக்கு அந்த நிழலைக் கரைத்துவிடும். மின் இணைப்புக்கான இடத்தை மேசை வந்த பிறகே குறிக்க வேண்டும்; அறையின் நடுவும் மேசையின் நடுவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பந்துகளில் ஃபீனாலிக் பிசினால் ஆனவை பாலியெஸ்டர் பந்துகளைவிட நெடுங்காலம் உழைக்கும், துணியையும் குறைவாகத் தேய்க்கும். அராமித் என்ற பெயரில் வருபவை அந்த வகை. மேசையோடு இலவசமாகக் கிடைக்கும் கோல்களைத் தரையில் உருட்டிப் பார்த்து, தத்திக்கொண்டு உருள்பவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

பொருத்தி முடித்த அன்றே பணம் முழுவதையும் கொடுத்துவிடாமல், ஒரு பந்தை எடுத்து, எதிர்க் குஷனைத் தொடும் அளவுக்கு மட்டும் மிக மெதுவாக உருட்டுங்கள். நீளவாக்கில் இரு பக்கமிருந்தும், அகலவாக்கில் இரு பக்கமிருந்தும், மூலைவிட்டமாகவும் உருட்டிப் பாருங்கள். பந்தின் கடைசி ஓரடியைத்தான் கவனிக்க வேண்டும். வேகம் இருக்கும்வரை எந்த மேசையும் நேராகத்தான் தெரியும். எடை இறங்கித் தரையோடு மேசை படிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆகும் என்பதால், மறுபடி ஒரு முறை வந்து மட்டம் பார்த்துத் தருவதையும் கூலியோடு சேர்த்தே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும் நாளுக்கு முன், எந்தெந்த இடத்தில் பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு தாளில் மேசையை வரைந்து அம்புக்குறி போட்டு வைத்திருந்தால், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.